மொட்டைக்குப் பிறகுதான் மீன்

மூன்று நாள் பயணத்துக்கு நான்கு நாள் திட்டம் போட்டவர்கள் என் தங்கை வீட்டுக்காரர்கள். கோயில், கடற்கரை, மலை. மூன்றே இடம். எங்கள் ஊரில் இதைப் பேசி முடிக்க ஒரு டீ போதும். மலேசியாவில், அவர்கள் இருக்கும் கிள்ளானில் போதவில்லை.

நான் ஊர் சுற்ற வந்தவன் இல்லை. மணமேல்குடிப் பக்கம் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். தங்கை மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அந்த மடி என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் வேலை. ஒரு வயதில் நடந்திருக்க வேண்டிய காரியம். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. தாமதத்துக்குக் காரணம் நான்தான்.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசந்தாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் பிள்ளை இல்லை. பிறகு ஒன்று வயிற்றில் தங்கியது. அதன் ஏழாம் மாதத்தில் எங்கள் அப்பா இறந்துபோனார். படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் வரவில்லை. எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. பெற்ற அப்பன் சாவுக்கு வராதவள் மகளே இல்லை, இனி உனக்கு அண்ணனும் இல்லை என்று போனில் கத்தினேன். அப்பாவின் கருமாதிக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அவள் பெயரைப் போட விடவில்லை. பங்காளிகளின் வாட்ஸப் குழுவிலிருந்தும் அவளை எடுத்துவிட்டேன். மூன்று வருடம் பேச்சில்லை.

போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். பிள்ளையின் முதுகுப் பக்கம். இடுப்பு வரை சிக்கு விழுந்த முடி. கீழே ஒரு வரி: "மாமன் வர்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்." பார்த்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று என் மனைவியிடம் கேட்டேன்.

விமான நிலையத்துக்கு வசந்தாவின் கணவர் ரவி வந்திருந்தார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் அடுக்கும் இடத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து அதே சட்டையோடு நின்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "மச்சான், பசியாறிட்டீங்களா?" இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். ஆயிற்று என்று சொல்லியும் வழியில் நிறுத்தி ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். அதை நான் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும்போதே மத்தியானம் எங்கே சாப்பிடலாம் என்று யோசித்தார். பிறகு கவனித்தேன், இந்த ஊரே அப்படித்தான். ஒரு வேளைச் சாப்பாட்டின்போது அடுத்த வேளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டீயில் பாதி டம்ளர் பாலும் சீனியும். இரண்டாம் நாள்தான் "தே ஓ கோசோங்" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். பால் வேண்டாம், சீனி வேண்டாம், வெறும் டீ போதும் என்பதற்கு இத்தனை சொல்.

வாசலில் வசந்தா நின்றாள். பிளைட்டில் சாப்பாடு கொடுத்தார்களா என்று கேட்டாள். மூன்று வருடச் சண்டைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். பிள்ளை தர்ஷினி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முடியை வாயில் வைத்துச் சப்பியது.

மறுநாள் திட்டம் ஆரம்பித்தது. ரவி பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கோடு கிழித்தார். அவருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை எனக்கு விமானம். நேர்த்திக்கடன் கோயில் பந்திங் தாண்டிச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள்ளே, கடலோரம். அங்கே முடி எடுக்கிறவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார், அதுவும் பன்னிரண்டு மணி வரைக்கும்தான். அப்படியென்றால் வெள்ளி காலை கோயில். முடிந்தது. இதில் பேச என்ன இருக்கிறது?

இருந்தது. ரவிக்கு வியாழக்கிழமை சாயங்காலமே கிளம்பிப் போர்ட் டிக்சன் கடற்கரையில் தங்கி, வாழையிலையில் வைத்துச் சுடுகிற மீனைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கோயிலுக்கு வர ஆசை. மீன் தின்ற வாயோடு நேர்த்திக்கடனா என்று வசந்தா தாளைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள். சரி, மலைக்கு முதலில் போகலாம் என்றார். மலைப்பாதையில் பிள்ளை வாந்தி எடுத்தால் கோயில் நேரம் தவறிவிடும் என்று அதையும் அடித்தாள். மொட்டைக்குப் பிறகுதான் மீன், மீனுக்குப் பிறகுதான் மலை என்று தீர்த்துச் சொன்னாள். தெற்கே கடலுக்குப் போய், திரும்ப வந்து, வடக்கே மலைக்குப் போவது. கொத்தனாரிடம் காட்டினால் சிரிக்கிற வரைபடம்.

வேன் ஓட்ட சைமன் அண்ணன் வந்தார். சுங்கை வே என்ற ஊர்க்காரர், கத்தோலிக்கர், அறுபது தாண்டியவர். ரவியின் குடும்பத்துக்கு எல்லா நல்லது கெட்டதுக்கும் அவர் வேன்தான். தாளைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு வெள்ளிக்கிழம கறி ஆகாது, மீன் திங்கணும். உங்களுக்கு மீனே ஆகாது. ரெண்டு சாமியும் ஒரு நாள் உக்காந்து பேசிட்டா வேன்காரனுக்கு நிம்மதி லா," என்றார். பேச்சின் முடிவில் "லா" போடுவது இந்த ஊர் வழக்கம்.

பிறகு ஒன்று சொன்னார். அந்தக் கோயில் கரையில் தண்ணீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம் பார்த்துக்கொண்டு போவது நல்லது என்றார். நான் அவரை முடிக்க விடவில்லை. கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றிப் பாடம் வேண்டாம், நாங்கள் முடியெடுக்கப் போகிறோம், மீன்பிடிக்கப் போகவில்லை என்றேன். அவர் "ஓக்கே பாஸ்," என்று வாயை மூடிக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. விருந்தாளி, அதுவும் கோபக்கார விருந்தாளி.

மூன்றாம் நாள் பிரிக்பீல்ட்ஸ் போனேன், பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுக்க. மாமன் எடுத்துத்தான் உடுத்த வேண்டும். ரவிக்கு ஷிப்ட். தனியாக ரயில் ஏறுகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு ஏறினேன். பெட்டியில் நல்ல இடம். உட்கார்ந்தேன். எதிரே முக்காடு போட்ட மலாய் அம்மாள் என்னையே முறைத்தார். நானும் முறைத்தேன். அவர் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த சீனக் கிழவி சிரித்தார். கடைசியில் ஒரு தமிழ்ப் பெண் வந்து, "அங்கிள், இது லேடீஸ் கோச் லா," என்றாள். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன். "இவருக்குக் கண் தெரியாவிட்டால் யாராவது கையைப் பிடித்து இறக்கிவிடுங்கள்" என்றாராம். பெட்டி முழுக்க ரோஸ் நிறத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்க் கடைசி வரை நின்றுகொண்டே போனேன்.

பிரிக்பீல்ட்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை. மாலை கட்டுகிறார்கள், இலை போட்டுச் சோறு போடுகிறார்கள், எல்லாம் நம்மைப் போலவேதான். விமானம் ஏறிக் கடல் தாண்டி வந்தவனுக்குப் புதுக்கோட்டைக் கடைவீதியைக் காட்டினால் எரிச்சல் வராதா? ஆனால் சாப்பாடு நன்றாக இருந்தது. மோர்மிளகாய் கேட்டதும் கொடுத்தார்கள். பச்சையில் சிவப்புக் கரை போட்ட பாவாடை எடுத்தேன்.

அந்த இலையில் கை இருக்கும்போதுதான் செய்தி வந்தது. பங்காளிகள் குழுவில். பெரியப்பா மகன் செல்வராசு அண்ணன் காலையில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார், மறுநாள் எடுக்கிறார்கள். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பங்காளி சாவு. பதினாறு நாள் தீட்டு. கோயில் படி ஏறக்கூடாது. தாய்மாமனாக உட்காருவதைப் பேசவே வேண்டாம். என் விமானமோ திங்கட்கிழமை. நான் வாயைத் திறந்தால் மொட்டை நின்றுபோகும், அந்த முடி இன்னும் எத்தனை வருடம் தொங்குமோ தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் வசந்தாவுக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் அவளைக் குழுவிலிருந்து வெளியே தள்ளியவன் நான். சாவுக்கு வராதவள் மகளா என்று சட்டம் பேசியவன் நான். இப்போது அண்ணன் சாவு கிடக்க, நான் பட்டுப்பாவாடைப் பையோடு நிற்கிறேன். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கூடப் பார்க்கவில்லை. வசந்தாவுக்குக் கல்யாணமான வீட்டுத் தீட்டுதான் முழுத் தீட்டு, நம் வீட்டுத் தீட்டு மூன்று நாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்குத் தப்பிக்க வழி இருந்தது. எனக்கு இல்லை.

சொல்லவில்லை. இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ரவி இரண்டு தடவை, "மச்சான் ஒடம்பு சரியில்லையா? திட்டவே மாட்றீங்க," என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை செம்பனைத் தோட்டத்துக்குள் வேன் போனது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிழல், தலைவலி வருகிற அளவுக்கு ஒழுங்கு. அதன் முடிவில் ஒரு மண்கரை, கரைமேல் சின்ன அம்மன் கோயில், கரைக்கு அந்தப் பக்கம் கடல் என்றார்கள். நான் ஏறிப் பார்த்தேன். கடல் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் நிறச் சேறு. எங்கள் பக்கம் தண்ணீர் முழங்கால் ஏறும், முழங்கால் இறங்கும். இங்கே கடலே எழுந்து போயிருந்தது. சைமன் அண்ணன் என்னைப் பார்க்காமல் சிகரெட் பற்றவைத்தார்.

முடி எடுக்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூசாரி ஒரு நோட்டோடு வந்தார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர், சட்டையில்லாத உடம்பு, மூக்குக்கண்ணாடி. பிள்ளை பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார், மாமன் யார் என்று கேட்டார். பிறகு எல்லோரிடமும் கேட்பது போலத் தலை நிமிராமல் கேட்டார்: "தீட்டு ஒண்ணும் இல்லையே?"

வசந்தா இல்லை என்றாள். நான் இருக்கிறது என்றேன்.

அவள் திரும்பினாள். செல்வராசு அண்ணன், செவ்வாய்க்கிழமை என்றேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன். "அண்ணிக்கு யாரு தொணைக்கு இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

பூசாரி நோட்டை மூடினார். எங்கே இறந்தது என்று கேட்டார். இந்தியாவில் என்றேன். "நீங்க கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கீங்க. கடல்ல தலை முழுகிட்டு வாங்க, போதும். பன்னெண்டுக்கு நடை சாத்திருவேன்."

இது எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டேன். எனக்குச் சாதகமாகச் சொல்கிறவரோடும் சண்டை போடுகிற புத்தி எனக்கு.

அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்க தாத்தா கப்பல்ல வந்தவரு. அவங்க அம்மா செத்த கடுதாசி வந்து சேர ஒன்றரை மாசம். பதினாறும் போச்சு, முப்பதும் போச்சு. அவரு யார்கிட்ட போய்ச் சட்டம் கேப்பாரு? தோட்டத்துல லீவு குடுப்பானா? இங்கதான் வந்து முழுகினாரு. மறுநாள் வேலைக்குப் போனாரு. உங்களுக்குப் போன்ல ரெண்டு நிமிசத்துல வந்துருச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்."

மணி பதினொன்றேகால். தண்ணீர் எப்போது ஏறும் என்று சைமன் அண்ணனிடம் கேட்டேன். "மூணு மணி ஆகும் பாஸ்," என்றார். கேட்டிருக்க வேண்டிய நாளில் கேட்கவிடாதவன் நான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். கடல் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. போய்விடலாம் என்று நினைத்தேன். பத்து அடியில் கணுக்கால். இருபது அடியில் முழங்கால். ஒரு செருப்பு உள்ளே போனது, இன்னொன்றை நானே விட்டெறிந்தேன். சேற்றுமீன்கள் என்னைப் பார்த்துத் துள்ளி ஓடின. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஐம்பதாவது அடியில் கால் வரவில்லை. பக்கவாட்டில் விழுந்தேன். சேற்றையும் கடலையும் அம்மனையும் ரவியின் காலண்டர் தாளையும் ஒருசேரத் திட்டினேன்.

பின்னால் சேறு கிழிகிற சத்தம். ரவி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பெயிண்ட் வாளி. நேராக வரவில்லை. கண்டல் மரங்களை ஒட்டி வளைந்து வளைந்து வந்தார். அந்த வழியில் அவருக்குக் கணுக்கால்தான் புதைந்தது. கையைக் கொடுத்து என்னை இழுத்தார். மரங்களுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் இருந்தது. கடல் போகும்போது விட்டுவிட்டுப் போன தண்ணீர் அதில் இடுப்பளவு நின்றது.

இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

ரவி வாளியைக் கழுவினார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, சாப்பாட்டைத் தவிர. "மாமா தவறின அன்னிக்கு வந்தோம் மச்சான். பெட்ட விட்டு எறங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. கேக்கல. அப்பாவுக்குத் தலை முழுகணும்னு ஒரே அழுகை. சைமன் அங்கிள் வேன்ல படுக்கப் போட்டுக் கொண்டாந்தோம். அன்னிக்கும் தண்ணி இல்ல. இங்க வந்து மொண்டுட்டுப் போய்க் கரையில உக்கார வச்சு ஊத்தினேன். அப்பதான் வேண்டிக்கிட்டா. புள்ள நல்லபடியா பொறந்தா எங்கண்ணன் மடியில வச்சு முடி எறக்குறேன்னு."

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க போன் பண்ணது மறுநாள்," என்றார்.

நான் வாய்க்காலில் இறங்கினேன். மூன்று முழுக்கு. முதல் முழுக்கு செல்வராசு அண்ணனுக்கு. மற்ற இரண்டும் அப்பாவுக்கும், போனில் கத்திய என் வாய்க்கும்.

கரை ஏறும்போது பதினொன்றே முக்கால். சேறும் தண்ணீருமாக முக்காலியில் உட்கார்ந்தேன். வசந்தா பிள்ளையை என் மடியில் வைத்தாள். "மாமா புசுக்," என்றது பிள்ளை. நாற்றம் என்று அர்த்தமாம். உண்மைதான். நான் அதன் தலையைப் பிடித்தேன், முடி எடுக்கிறவர் கத்தியை வைத்தார். மூன்று வருட முடி கொத்துக் கொத்தாக என் முழங்காலில் விழுந்தது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. காது குத்தும்போது பிள்ளை என் கட்டைவிரலைக் கடித்தது. பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. வசந்தா சந்தனம் குழைத்து மொட்டைத்தலையில் பூசினாள். பூசி முடித்த கையால் என் காதோரம் இருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் போர்ட் டிக்சனில் மீன். ரவி நான்கு நாளாகக் காத்திருந்த மீன். கடற்கரை என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை, எங்கள் கட்டுமாவடிக் கரை இதைவிட மேல். ஆனால் மீன் வந்ததும் வாசனை தூக்கியது. நான் சோறும் கங்கோங் கீரையும் போதும் என்றேன். முழுகியாயிற்றே, சாப்பிடலாமே என்றார் ரவி. கோயிலுக்குத்தான் முழுக்கு, அண்ணனுக்குப் பதினாறு பதினாறுதான் என்றேன். அப்போதுதான் பார்த்தேன், வசந்தாவின் தட்டிலும் கீரைதான். மீன் இல்லாமல் சோறு இறங்காதவள் அவள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் அண்ணன்தானே. ரவியும் சைமன் அண்ணனும் முழு மீனையும் தின்றார்கள். "வெள்ளிக்கிழம, எங்க சாமிக்கு சந்தோசம்," என்றார் சைமன் அண்ணன்.

மறுநாள் மலை. பிரேசர் மலைப் பாதையில் பிள்ளை, வசந்தா சொன்னபடியே, மூன்று தடவை வாந்தி எடுத்தது. காடு என்றால் இதுதான் காடு. மரத்தின் மேல் மரம், அதன் மேல் கொடி, எல்லாவற்றின் மேலும் மழை. அட்டை என் காலில் ஏறி வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தானாக விழுந்தது. மொட்டைத்தலைக்குக் குளிரும் என்று என் மப்ளரைச் சுற்றிவிட்டோம். போனில் எங்கேயும் டவர் எடுக்கவில்லை. ஒரு வளைவில் டீ குடிக்க நிறுத்தினோம், அங்கே மட்டும் எடுத்தது.

உடனே அடித்தது. செல்வராசு அண்ணன் மகன் குமார். கருமாதி பேனருக்குப் பெயர்கள் சரிபார்க்க வேண்டுமாம், பிரஸ்ஸில் காத்திருக்கிறார்களாம். ஒவ்வொன்றாக வாசித்தான். சகோதரிகள் வரிசை வந்தது. நான்கு பெயர் வாசித்து நிறுத்தினான்.

"வசந்தா அத்தை பேரை விட்டுட்டேன் சித்தப்பா. தாத்தாவுக்குப் போட்டப்போ நீங்க வேணாம்னீங்க, அதான்."

"போடு," என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. மழைச் சத்தம். திரும்பக் கத்தினேன். வசந்தா, ரவி, கிள்ளான், மலேசியா, நாலையும் போடு, மற்றவர்களுக்கு எந்த அளவில் எழுத்தோ அதே அளவில் போடு, சின்னதாகப் போட்டால் வந்து பிரஸ்காரனை உதைப்பேன் என்றேன். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேன் கதவு திறந்திருந்தது. உள்ளே வசந்தா பிள்ளையின் தலையில் மப்ளரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை.

"அவரு பேருக்கு முன்னாடி மு போடச் சொல்லுங்கண்ணே," என்றாள். "மு. ரவி."

சொன்னேன்.